உரிமை கம்பெனிக்கு, பழி தொழிலாளிக்கா?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் சிப்காட் வளாகங்களில் ஓர் இளைஞரின் விரல் பிரஸ்ஸில் போய்விட்டால், அந்த ஷிப்ட் முடிவதற்குள் காரணம் எழுதப்பட்டுவிடும்: கவனக்குறைவு. சூப்பர்வைசர் அப்படித்தான் எழுதுகிறார். நாளிதழில் நாலு வரிச் செய்தி வந்தால் அதிலும் அதே சொல்தான். "கொஞ்சம் பார்த்து வேலை செஞ்சிருக்கக் கூடாதா" என்று வீட்டிலும் கேட்கிறார்கள். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளன்று, விதிகளைக் கடைப்பிடிப்பேன் என்று தொழிலாளி வரிசையில் நின்று உறுதிமொழி எடுக்கிறார். இயந்திரம் சொன்னதைச் செய்யும், தவறுவது மனிதன்தான், ஆகவே திருத்த வேண்டியதும் அவனைத்தான் என்ற கருத்து நிர்வாகத்தோடு நின்றுவிடவில்லை. அதிகாரிகள், பொறியியல் படித்தவர்கள், பாதிக்கப்பட்ட தொழிலாளி உட்பட ஏறக்குறைய எல்லாரும் அதை நம்புகிறார்கள். அது உண்மைக்கு மாறானது என்பதே என் வாதம். அறிவியலும் அதை ஆதரிக்கவில்லை, இந்த நாட்டின் சட்டமும் ஆதரிக்கவில்லை. நாம் மற்ற விஷயங்களில் பின்பற்றுகிற நியாயத்துக்கும் அது பொருந்தவில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு மூலம் உண்டு. அமெரிக்காவில் டிராவலர்ஸ் என்ற இன்சூரன்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஹைன்ரிச், தொழிலக விபத்துகளைத் தடுப்பது பற்றி 1931இல் ஒரு நூல் எழுதினார். 75,000 விபத்துக் கோப்புகளைப் பார்த்து, அவற்றில் 88 சதவீதம் மனிதர்களின் பாதுகாப்பற்ற செயலால் நேர்ந்தவை, 10 சதவீதம் இயந்திர நிலைமையால் நேர்ந்தவை, மீதி 2 சதவீதம் தவிர்க்க முடியாதவை என்று அதில் கணக்குச் சொன்னார். பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் அந்த 88 இன்றைக்கும் உலவுகிறது. ஆனால் அவர் படித்த கோப்புகள் இன்சூரன்ஸ் கோரிக்கைகளும் ஆலை முதலாளிகள் வைத்திருந்த பதிவுகளும். காரணம் என்ற கட்டத்தை நிரப்பியவர்கள் ஆலையின் ஆட்கள். அந்தக் கோப்புகளைத் திரும்பச் சரிபார்க்கவும் பின்னால் வந்த ஆய்வாளர்களுக்கு வழியில்லாமல் போனது. சூப்பர்வைசர்கள் கவனக்குறைவு என்று எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் கவனக்குறைவு என்றுதான் விடை வரும். ஹைன்ரிச்சே இயந்திரங்களுக்குத் தடுப்பு போடச் சொல்லி வலியுறுத்தியவர். அந்தப் பாதியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மனிதத் தவறு என்று முடித்துவைத்த ஒன்றை ஒருவர் மறுபடி திறந்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நடந்ததை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் பி-17 விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓட்டியவர்கள் இறக்கையின் மடிப்பை இழுப்பதற்குப் பதிலாகச் சக்கரத்தை உள்ளே இழுத்துவிட்டார்கள். விமானம் வயிற்றில் உட்கார்ந்தது. விமானியின் தவறு என்றே பதிவானது. அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தபோது, இரண்டு சுவிட்சுகளும் ஒரே வடிவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சக்கர சுவிட்சின் முனையில் ஒரு சிறு ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் மாட்டச் செய்தார். அத்தோடு அந்தத் தவறு நின்றது. அதே விமானிகள், அதே களைப்பு, அதே போர். விமானிக்கு யாரும் புதிதாகக் கவனம் கற்றுக்கொடுக்கவில்லை.

இப்போது ஒரு பவர் பிரஸ்ஸை அருகில் போய்ப் பார்ப்போம். கார்களுக்கும் பைக்குகளுக்கும் தகட்டு உதிரிபாகம் அடிக்கும் சிறு, நடுத்தர ஆலைகளில் பழைய வகை மெக்கானிக்கல் பிரஸ்கள் உண்டு. அவற்றில் ஃப்ளைவீலையும் கிராங்கையும் இணைப்பது ஒரு சாவி கிளட்ச். கால் பெடலை அழுத்தியதும் சாவி விழும். விழுந்தால், தகட்டை அடிக்கும் பகுதியான ராம் முழுதாக ஒருமுறை இறங்கி ஏறித்தான் நிற்கும். பாதி வழியில் அதை நிறுத்த எந்த ஏற்பாடும் கிடையாது. ஆகையால் அதன்முன் ஒளித்திரை சென்சார் பொருத்தினாலும் பயனில்லை, சென்சார் சொன்னாலும் பிரஸ்ஸால் நிற்க முடியாது. சாவி தேய்ந்தாலோ ஸ்பிரிங் உடைந்தாலோ, பெடலைத் தொடாமலே ராம் இரண்டாம் முறை இறங்கும். காற்றழுத்த கிளட்ச் கொண்ட பிரஸ்ஸில் நடுவழியில் நிறுத்தலாம். இரு கை பட்டன் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் இறங்கும் என்றும் செய்யலாம். இந்த இரண்டில் எதை வாங்குவது என்று முடிவு செய்த நாளில்தான் விரலின் கதி முடிவாகிறது. அந்த நாளில் தொழிலாளி அங்கே இல்லை. ஹரியானாவின் வாகன உதிரிபாக ஆலைகளில் காயமடைந்தவர்களிடம் பேசி 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டுவரும் சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பும், விரல் இழப்புகளில் பெரும்பங்கு பவர் பிரஸ்ஸில் நேர்கிறது, அவற்றில் பல சென்சார் இல்லாதவை என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு வரும். "சென்சார் இருந்தாலும் அதை பைபாஸ் செய்வதே தொழிலாளிதானே? இன்டர்லாக் சுவிட்சை கேபிள் டை போட்டுக் கட்டுகிறவர் யார்? இரு கை பட்டனில் ஒன்றுக்கு அட்டையைச் செருகிவைப்பவர் யார்?" உண்மைதான், பல இடங்களில் அந்தக் கை தொழிலாளியின் கைதான். ஆனால் ஏன் கட்டுகிறார் என்பதையும் கேட்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை உருப்படி என்று டார்கெட் இருக்கிறது. கதவைத் திறந்து, சிக்கிய துண்டை எடுத்து, மூடி, ரீசெட் செய்து ஓட்டினால் அந்த எண்ணிக்கை வராது. வராவிட்டால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பது காண்ட்ராக்ட் தொழிலாளிக்குத் தெரியாது. கட்டிய கேபிள் டை ஒரு ஷிப்ட் முழுக்க, ஒரு வாரம் முழுக்க அங்கேயே இருக்கிறது. லைன் லீடர் பார்க்கிறார், பராமரிப்புப் பிரிவு பார்க்கிறது, உற்பத்தி எண்ணிக்கை உயர்ந்ததைப் பார்த்து மேலே பாராட்டும் வருகிறது. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்த ஒன்று, ரத்தம் சிந்திய நொடியில் ஒரே ஒருவருடைய செயலாகிவிடுகிறது. டார்கெட்டை நிர்ணயித்தவர் தடுப்பைக் கழற்றச் சொல்லவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். தடுப்பு இருந்தால் எட்ட முடியாத எண்ணை அவர் கேட்டார்.

2010 அக்டோபர் 31 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஓர் இளம் பெண் தொழிலாளியின் கழுத்து பேனல் ஏற்றும் இயந்திரத்தில் சிக்கி, அவர் உயிரிழந்தார். நாட்டின் மிகப் புதிய, மிகச் சுத்தமான ஆலைகளில் ஒன்று என்று பேசப்பட்ட இடம் அது. உற்பத்தி வேகத்துக்காக சென்சார் அணைத்து வைக்கப்பட்டிருந்தது என்று சக தொழிலாளர்கள் குற்றம்சாட்டினார்கள். அந்தக் குற்றச்சாட்டில் தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. என் கேள்வி வேறு. ஒரு சென்சார் அன்று இயங்கிக்கொண்டிருந்ததா இல்லையா என்பது, யார் சொல்வதையும் நம்ப வேண்டியில்லாத பொறியியல் கேள்வி. அதற்கான விடை, ஆய்வு செய்தவர்களின் முழு அறிக்கையாக மக்கள் முன் வைக்கப்பட்டிருக்க வேண்டும். நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. அந்த நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையே நடந்த வரித் தகராறின் ஒவ்வொரு கட்டமும் நாளிதழ்களில் விரிவாக வந்தது. ஒரு கழுத்து ஏன் சிக்கியது என்ற கேள்விக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை.

இதே தொழிற்பாதையில் இன்னொரு கணக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17, வேலையின் ஊடாக ஒருவர் உருவாக்கும் படைப்பின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரை வேலைக்கு வைத்தவரே என்கிறது. வேலை ஒப்பந்தத்தோடு அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தையும் சேர்த்துச் சொல்கிறது. கணினி நிரல் அந்தச் சட்டத்தின் பார்வையில் இலக்கியப் படைப்பு. ஆக, ஓர் இயந்திரம் எப்போது ஓட வேண்டும், கதவு திறந்தால் நிற்க வேண்டுமா என்பதை முடிவு செய்யும் நிரல் ஒரு நிறுவனத்தின் சொத்து. லைனில் ஒட்டியிருக்கும் செயல்முறைத் தாள், பிரஸ் அச்சின் வரைபடம், பயிற்சிக் கையேடு எல்லாம் அப்படியே. பல ஆலைகளில் செல்போனை வாசலிலேயே வாங்கிவைக்கிறார்கள். உள்ளே இருப்பது அவ்வளவு மதிப்புள்ள ரகசியம். இவற்றை உண்மையில் எழுதியது எந்தப் பொறியாளர், எந்த டெக்னீஷியன் என்று சட்டம் கேட்பதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. நிறுவனம் திட்டமிட்டது, பணம் போட்டது, கட்டுப்படுத்தியது, எனவே நிறுவனத்தின் படைப்பு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதே நிரல், அதே தாள், அதே டார்கெட் சேர்ந்து ஒரு கையை நசுக்கும்போது மட்டும், பட்டனைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று தேடிப்போவது எந்த நியாயம்? இந்த வளாகங்களில் நிறைந்திருக்கும் அப்ரண்டிஸ்களை எண்ணிப் பாருங்கள். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி அவர்கள் பயிற்சி பெறுபவர்கள். பாதுகாப்பு விதிகள் அவர்களுக்கும் பொருந்தும் என்றாலும், தொழிலாளர் சட்டங்களின் மற்ற ஏற்பாடுகள் பொதுவாகப் பொருந்தா. அவர்கள் வரையும் வரைபடம் கம்பெனிக்கு. அவர்கள் செய்யும் பிழை மட்டும் அவர்களுக்கே.

பெயரும் சொத்துதான் என்பதை 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் அறிந்துகொண்டார்கள். செப்டம்பர் 9 முதல் 37 நாள் நடந்த அவர்களது வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை, சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது. சாம்சங் என்பது தன் வணிகப் பெயர், சங்கத்தின் பெயரில் அது இடம்பெறக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. தன் பெயரை இவ்வளவு கவனமாகக் காக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறதென்றால், அந்தப் பெயரின் கீழ் நடக்கும் எல்லாவற்றுக்கும் அது பொறுப்பேற்க வேண்டும். ஆனால் பொறுப்பு என்று வரும்போது பெயர்கள் பிரிந்துபோகின்றன. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் 250க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்க்கப்பட்ட தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சிலர் இறந்துவிட்டதாகப் பேச்சு பரவியது. டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதி ஒருவருடையது, உணவு இன்னொருவருடையது, வேலை வேறொருவருடையது, செய்கிற போன் ஆப்பிளுடையது. உணவு பாதுகாப்புத் துறை விடுதியின் சமையற்கூடத்தில் எலிகளைக் கண்டு அதை மூடியது. பாக்ஸ்கான் ஆலையைக் கண்காணிப்பில் வைப்பதாக ஆப்பிள் அறிவித்தது. ஜனவரி 12 வரை ஆலை திறக்கவில்லை. அந்தச் சில வாரங்களில், விடுதி ஒப்பந்ததாரர் என்ற தடுப்புச் சுவருக்கு அப்பால் பொறுப்பு ஏறிப் போனது. போக முடியும் என்பதற்கு அதுவே சான்று.

சட்டத்தில் வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தைப் பாருங்கள், வெள்ளைக்காரன் ஆண்டபோது வந்தது, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்தது. போதையில் இருந்தால், வேண்டுமென்றே உத்தரவை மீறினால், தெரிந்தே தடுப்பை அகற்றினால் இழப்பீடு மறுக்கலாம் என்றது அது. மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் அந்தக் காரணங்களைச் சொல்லிக்கூட மறுக்க முடியாமல் இருந்தது. வெறும் கவனக்குறைவு அந்தப் பட்டியலிலேயே இருக்கவில்லை. நூறாண்டுக்கு முன்பே சட்டம் ஒதுக்கித் தள்ளிய காரணத்தைத்தான் நாம் இன்னும் படிவத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு போடும் கடமையை ஆலையின் பொறுப்பாளர் மீது வைத்தது. போபால் கோரத்துக்குப் பின் 1987இல் வந்த திருத்தம், கம்பெனி என்றால் அதன் இயக்குநர்களில் ஒருவரே அந்தப் பொறுப்பாளர் என்றது. உச்ச நீதிமன்றம் 1996இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் அதை உறுதி செய்தது. தொழிலாளியின் குற்றத்துக்கும் சட்டத்தில் இடம் இருந்தது: 500 ரூபாய் வரை அபராதம். பொறுப்பாளருக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். யாருடைய கையில் எவ்வளவு அதிகாரம் என்பதை அந்த இரண்டு எண்களும் காட்டின. அந்தச் சட்டத்தின் இடத்தை 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு எடுத்துக்கொண்டுவிட்டது. விதிமீறலால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் அபராதம் என்று அது தொகையை உயர்த்தியிருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் விதிமீறல் நடந்தது என்று நிறுவ வேண்டுமே. காரணம் கவனக்குறைவு என்று முதல் நாளே எழுதியாகிவிட்டால் எந்தத் தொகையும் யார் மீதும் விழாது.

"இப்படிப் பிடித்தால் முதலீடு ஆந்திராவுக்கும் வியட்நாமுக்கும் போய்விடும்" என்பார்கள். இந்தப் பேச்சு நம்மை மிரட்டியே பழகிவிட்டது. இங்கே ஆலை வைத்திருக்கும் ஜப்பானிய, கொரிய, ஜெர்மன், பிரெஞ்சு நிறுவனங்கள் தத்தம் நாட்டில் இதைவிடக் கடுமையான பாதுகாப்பு விதிகளோடுதான் தொழில் செய்கின்றன. 1987 திருத்தத்திலேயே இதற்கு ஓர் அருமையான விதி சேர்க்கப்பட்டிருந்தது. வெளிநாட்டு இயந்திரத்தை இறக்குமதி செய்கிறவர், நம் நாட்டுத் தரத்தைவிட அந்த நாட்டுத் தரம் உயர்ந்திருந்தால் அதற்கேற்ப இருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்றது அது. ஜெர்மன் தொழிலாளியின் கைக்கு உள்ள மதிப்பு ஒரகடத்துக் கைக்கும் உண்டு என்பதைத்தான் அந்த விதி சொன்னது. இயந்திரத்தைச் செய்தவர் வரை பொறுப்பு போகலாம் என்பதும் புதிதில்லை. 1979இல் அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையில் ஒரு தொழிலாளி ரோபோவால் கொல்லப்பட்டபோது, அதைத் தயாரித்த லிட்டன் நிறுவனம் ஒரு கோடி டாலர் தர வேண்டும் என்று 1983இல் ஜூரி சொன்னது. ஃபோர்டும் ஓடவில்லை, ரோபோ தொழிலும் நின்றுபோகவில்லை.

இன்னொரு மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். அமைப்பின் மீது பழி போட்டால் ஆளில்லாமல் போகும், எல்லாரும் பொறுப்பு என்றால் யாருமே பொறுப்பில்லை என்று ஆகிவிடும் என்பது அது. சரியான அச்சம். நான் கேட்பது பழியைக் கரைப்பதை அல்ல, அது போய்ச்சேர வேண்டிய ஆளிடம் சேர்ப்பதை. சாவி கிளட்ச் பிரஸ் போதும் என்று கையெழுத்திட்டவர் ஒரு மனிதர். டார்கெட்டை உயர்த்தியவர் ஒரு மனிதர். பைபாஸ் சாவியை வைத்திருந்தவர், பராமரிப்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளியவர், எல்லாருக்கும் பெயரும் பதவியும் உண்டு. முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவரிடமிருந்து விசாரணை தொடங்கட்டும். அங்கே குறையே இல்லை என்று தெளிவான பிறகு தொழிலாளியிடம் வரட்டும்.

அப்படி விசாரிக்க ஆவணங்கள் வேண்டும். அவையும் சொத்தாகவே பூட்டப்படுகின்றன. ஆலையின் தொழில் விவரங்களை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது என்றது தொழிற்சாலைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு. தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் வணிக ரகசியத்துக்கும் அறிவுசார் சொத்துக்கும் விலக்கு அளிக்கிறது; பொது நலன் அதைவிடப் பெரிது என்றால் வெளியிடலாம் என்கிறது. விமானம் விழுந்தால், 2012இல் அமைக்கப்பட்ட விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு அறிக்கை வெளியிடுகிறது. விமானத்தின் வடிவமைப்பும் ரகசியம்தான், அதற்காக யாரும் அறிக்கையை மறைப்பதில்லை. ரயில் விபத்தை விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையரை ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழே வைக்காமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். ஆலை விபத்துக்கு மட்டும் முதல் விசாரணையை விபத்து நடந்த ஆலையே நடத்துகிறது.

இன்றைய இயந்திரங்கள் பல தம் நடத்தையைத் தாமே பதிவு செய்கின்றன. எந்த நிமிடத்தில் கதவு திறந்தது, எப்போது அலாரம் வந்தது, எந்தப் பாஸ்வேர்டில் பாதுகாப்பு அணைக்கப்பட்டது, அதற்கு முந்தைய வாரம் எத்தனை முறை அப்படி அணைக்கப்பட்டது என்பதெல்லாம் கன்ட்ரோலரில் கிடக்கும். கவனக்குறைவா இல்லையா என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி இல்லை. தமிழ்நாட்டின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், மரணமோ உறுப்பிழப்போ நேர்ந்த அன்றே அந்தப் பதிவைக் கைப்பற்ற வேண்டும். இயந்திரத்தை மறுபடி ஓட்டுவது அதற்குப் பிறகுதான். உற்பத்தி ரகசியம் எதுவும் தேவையில்லை. தடுப்பு எதுவாக இருந்தது, அது இயங்கியதா, இயங்கவில்லை என்றால் யாருடைய அனுமதியில் என்ற மூன்று கேள்விகளுக்கான விடை போதும். அதைத் தமிழில், நிறுவனத்தின் பெயரோடும் ஒப்பந்ததாரரின் பெயரோடும் வெளியிட வேண்டும். முதல் பிரதி காயமடைந்தவரின் வீட்டுக்குப் போக வேண்டும்.